செய்ததைச் சொல்லி நன்றி சொல்லுங்கள்

சென்னையில் பிறந்து வளர்ந்த இந்திரா நூயி 2006இல் பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அதன்பின் அம்மாவைப் பார்க்க வந்திருந்தபோது, வீட்டுக்கு வந்தவர்கள் அவரிடம் ஓரிரு வார்த்தை பேசிவிட்டு நேரே அம்மாவிடம் போனார்கள். பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அவரைத்தான் பாராட்டினார்கள். நமக்கு இது பழகிய காட்சி. நூயிக்கோ, தன்னிடம் வேலை செய்யும் அதிகாரிகளின் பெற்றோருக்கு இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லையே என்று பட்டது. திரும்பிப் போனதும் அவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். போகப்போகச் சுமார் 400 அதிகாரிகளின் பெற்றோருக்கு எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது. பெற்றோரும் மனம் நெகிழ்ந்து பதில் எழுதினார்கள்.

அந்தக் கடிதங்களில் முக்கியமான பகுதி ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை இங்கே இன்ன வேலை செய்கிறார் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுதியிருந்தார். நன்றிக்கு உயிர் கொடுப்பது இந்த விவரம்தான்.

'எல்லோரும் நன்றாக உழைத்தீர்கள், நன்றி' என்று மாதாந்தரக் கூட்டத்தில் சொன்னால் கை தட்டுவார்கள், கலைவார்கள். 'சரக்கு லாரி வராது என்று முதல் நாளே கண்டுபிடித்து வேறு வண்டி ஏற்பாடு செய்தீர்களே, அதனால்தான் கடைக்காரர்களுக்குப் பொங்கல் சரக்கு நேரத்துக்குப் போனது' என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவர் அதை வீட்டில் போய்ச் சொல்வார். அவர் செய்தது என்ன, அதனால் யாருக்கு என்ன நன்மை என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. இப்படிச் சொல்ல வேண்டுமானால் மேலாளர் தன் ஆட்களின் வேலையைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். தலைமைப் பொறுப்பில் நன்றி அரிதாக இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கவனக் குறைவே காரணம் என்று நினைக்கிறேன். எதுவும் பழுதாகாமல் பார்த்துக்கொள்பவரின் உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. துப்புரவுப் பணியாளர், கணக்கை நேர்செய்பவர், இரவுக் காவலர் போன்றவர்களைத் தேடிப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கும் இதே முறை பொருந்தும். அம்மாவிடம் 'நன்றி' என்றால் அந்நியமாக ஒலிக்கும் என்று பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தச் சொல்லே வேண்டாம். 'பரீட்சை சமயத்துல விடியக்காலைல எந்திரிச்சு எனக்குக் காபி போட்டுக் குடுத்தியே, இப்பவும் நெனச்சுக்குவேன்மா' என்றால் போதும்.

இந்தக் கூச்சத்தை அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். சிலரை நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுபவர் எப்படி உணர்வார் என்று முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்திருந்தார்கள். நினைத்த அளவு சங்கடப்படவும் இல்லை. வார்த்தை சரியாக அமையுமா என்று நாம் தவிக்கிறோம். படிப்பவரோ அதிலுள்ள அன்பைத்தான் பார்க்கிறார்.

நன்றி சொல்லத் தேவையான கவனத்தைப் பழக்கிக்கொள்ள எளிய வழி எழுதி வைப்பது. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்களில் ஒரு பிரிவினர் நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை வாரம் ஒருமுறை எழுதினார்கள். பத்து வாரம் நடந்தது. தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட இவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை குறித்து நல்லெண்ணம் கூடியிருந்தது. தினமும் எழுத முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போதும்.

தலைவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். உரிய ஊதியத்தையும் விடுப்பையும் கொடுக்காமல் வாயால் மட்டும் நன்றி சொன்னால், கேட்பவருக்கு அது அவமானம். இன்னொன்றைத் திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். குறளில் செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்த அதிகாரம் நடுவுநிலைமை. உதவி செய்தவரை நினைக்கும்போது நடுநிலை குலையக்கூடும், அங்கேயும் குலையக்கூடாது என்பதற்காகவே அது அடுத்து வைக்கப்பட்டது என்று அவர் உரை சொல்கிறது. நெருக்கடியில் தோள் கொடுத்தவருக்கு மனமார நன்றி சொல்லுங்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயரும் மற்றவர்கள் பெயரும் ஒரே அளவுகோலால்தான் பார்க்கப்பட வேண்டும்.