தோலுக்கடியில் ஒரு விளக்கு

ராத்திரி கரண்ட் போனதும் குழந்தைகள் முதலில் என்ன செய்கின்றன? டார்ச் விளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ஐ, என் கை சிவப்பாத் தெரியுது பாரு!" என்று கூச்சல் போடுகின்றன. வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தையும் பச்சையையும் நம் ரத்தம் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் சதையைத் தாண்டி வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. கொரோனா சமயத்தில் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தோமே, அந்தக் கிளிப்பிலும் சிவப்பு விளக்குதான்.

சரி, அந்த விளக்கைத் தோலுக்கு உள்ளேயே வைத்து மூடிவிட்டால்? என்ன விபரீதம் என்கிறீர்களா? வைத்தே விட்டார்கள், சகோதரிகளே!

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த டிம் கேனன் என்பவர் 2013-ல் தன் முன்கையில் தீப்பெட்டியை விடப் பெரிய ஒரு கருவியைத் தைத்து வைத்துக்கொண்டார். உடம்புச் சூட்டை அளந்து போனுக்குச் சொல்லும், உள்ளிருந்து விளக்கும் எரியும். அதன் பாட்டரிக்கு வெளியிலிருந்து ஒயர் இல்லாமலே சார்ஜ் ஏற்றினார். சில மாதங்களில் அதை எடுத்துவிட்டார்கள். அவருடைய குழுவே 2015-ல் நாணயம் போல வட்டமான இன்னொன்றைச் செய்தது. அதைப் புறங்கைத் தோலுக்கடியில் வைத்து, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஐந்து சிவப்பு விளக்குகள் சில விநாடி மின்னும். இதில் இருப்பதோ சார்ஜ் ஏற்ற முடியாத பட்டன் பாட்டரி. தீர்ந்தால் மறுபடி கையைக் கீறத்தான் வேண்டும்! பட்டன் பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் டாக்டர்கள் எப்படிப் பதறுகிறார்கள் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். அதைச் சதைக்குள் வைப்பதாவது!

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மகன்தான். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் சாப்பிட உட்கார்ந்ததும், "அம்மா, நானும் ஒண்ணு போட்டுக்கலாம்னு இருக்கேன்" என்றான், புதுச் சட்டை வாங்குகிற மாதிரி. ரசத்தை ஊற்றப்போன என் கை அப்படியே நின்றுவிட்டது. "பாட்டரியெல்லாம் இல்லம்மா, இது வேற ஜாதி" என்று சமாதானம் வேறு.

அவன் சொன்னது சின்னக் கண்ணாடிக் குப்பி. இரண்டு மில்லிமீட்டர் கனம், அரிசியை விடக் கொஞ்சம் நீளம். அமெரிக்காவில் டேஞ்சரஸ் திங்ஸ் என்றொரு கம்பெனி இப்படிப்பட்டவற்றை விற்கிறது. பெயரிலேயே அபாயம் என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நேர்மையான மனிதர்கள்! அதை ஆரம்பித்த அமல் கிராஃப்ஸ்ட்ரா 2005-லேயே தன் கைக்குள் ஒரு சிப்பை வைத்துக்கொண்டவர். குப்பிக்குள் ஒரு சிப், ஒரு கம்பிச் சுருள், ஒரு பொட்டு எல்.இ.டி. அவ்வளவுதான். தடித்த ஊசியால் தோலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். போனைப் பக்கத்தில் கொண்டுவந்தால் எரிகிறது, எடுத்தால் அணைகிறது.

"கரண்ட் எங்கேருந்துடா வரும்?" என்று கேட்டேன். "உன் இண்டக்ஷன் அடுப்பு மாதிரிதாம்மா" என்றான். அடுப்புக்குள்ளே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் கரண்ட் திசை மாறி மாறி ஓடும்போது சுற்றிலும் காந்த சக்தி துடிக்கிறது. அந்தத் துடிப்பு பட்ட இடத்தில் இன்னொரு சுருள் இருந்தால், தொடாமலே அதில் கரண்ட் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது இது. கடையில் கார்டைத் தட்டிப் பணம் கொடுக்கிறோமே, அந்தக் கார்டிலும் பாட்டரி கிடையாது. மெஷினிலிருந்து சுருள் வழியாக வரும் சக்தியில்தான் அது வேலை செய்கிறது.

நான் நம்பவில்லை என்று பார்த்ததும், நகத்தில் ஒட்டுகிற ஒரு ஸ்டிக்கரை எடுத்து என் கட்டைவிரல் நகத்தில் ஒட்டினான். விரலின் சதைப் பக்கத்தைப் போனின் முதுகில் வைக்கச் சொன்னான். நகத்தின் மேல் விளக்கு பளிச்சென்று எரிந்தது! சதை, எலும்பு எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறது, எனக்கு ஒரு குறுகுறுப்புக்கூடத் தெரியவில்லை. குறுக்கே உலோகத் தகடு இருந்தால்தான் தடுக்குமாம். இரண்டு அங்குலம் தள்ளினேன், அணைந்துவிட்டது.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்காவின் பேத்தி ஞாபகம் வந்தது. பிறவியிலேயே காது கேளாத குழந்தை, இப்போது நாலு வயசு. காக்ளியர் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. காதுக்குப் பின்னால் வெளியே ஒரு வட்டம் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், தோலுக்கு உள்ளே இன்னொரு சுருள். உள்ளே பாட்டரி கிடையாது. சத்தமும் சக்தியும் தோலைத் தாண்டியே போகின்றன. ஆறு வயசுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் செய்கிறார்கள். குளிக்க வட்டத்தைக் கழற்றினால் குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. மறுபடி ஒட்டியதும் "பாட்டி" என்று திரும்புவாள். அதே ஃபாரடே, அதே சுருள்!

விளக்கிலும் வைத்தியம் இருக்கிறது. ஜப்பானில் வசேடா பல்கலைக்கழகமும் மற்றவர்களும் 2018-ல் சுண்டெலிகளின் உடம்புக்குள் ஒயரில்லா எல்.இ.டி. சில்லு ஒன்றை ஒட்டி, வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் மருந்தையும் கொடுத்தார்கள். பத்து நாள் மெல்லிய வெளிச்சத்தில் புற்றுக்கட்டி குறைந்தது, சில எலிகளில் மறைந்தே போனது. மனிதர்களுக்கு வர நாளாகலாம், ஆனாலும் கேட்க எத்தனை தெம்பு!

மகன் கேட்பது இந்த ரகமில்லை, ஆசைக்காக. ஆசையை நான் குற்றம் சொல்லவில்லை. காது குத்தி, மூக்குக் குத்தி, பச்சை குத்திக்கொண்ட பரம்பரைதானே நாம்? ஆனால் மூக்குத்தி வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இது கழற்றுகிற நகையில்லை.

எனவே கேள்விகளை அடுக்கினேன். ஊசி போடப்போவது யார்? "டாட்டூ கடைக்காரர்." உள்ளே சீழ் வைத்தால்? பதிலில்லை. கையில் பலமாக அடிபட்டுக் கண்ணாடி உடைந்தால் யார் எடுப்பார்கள்? பதிலில்லை. பெரிய சார்ஜரை வைத்து இன்னும் பிரகாசமாக எரியவிடப் பார்த்தால் சூடேறாதா? மருத்துவக் கருவிகளின் மேல்புறம் உடம்புச் சூட்டை விட 2 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் ஏறக்கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. கடைக்காரர் அதைப் பார்ப்பாரா? நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லத் தோன்றுமா?

ஏற்கெனவே யாராவது வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்டிருந்தால் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று பாருங்கள். பிதுக்க விடாதீர்கள், மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். நேரே சர்ஜனிடம் போங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் புண் ஆறுவது மெதுவாகத்தான் இருக்கும், அவர்கள் இந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

என் மகனுக்குப் பத்தொன்பது வயசு, கட்டிப்போட முடியாது. டாட்டூ கடைக்குப் போவதில்லை, முதலில் ஒரு சர்ஜனைப் பார்த்துக் கேட்பது என்று இரண்டு வாக்குறுதி வாங்கியிருக்கிறேன். "அவர் வேண்டாம்னுதான் சொல்வார்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊருக்குக் கிளம்பினான். நக ஸ்டிக்கரை மட்டும் எதிர்வீட்டுக் குட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.