900 ஆண்டுப் புத்தகம் பேசுகிறது! 16 ஆண்டுத் தட்டு ஊமையானது!
ஆவணக் காப்பாளர்கள் மறுபடியும் பள்ளிக்கூடம் போகும் கதை

லண்டன் நகரத்தின் மேற்குப் பகுதியில் கியூ என்று ஓர் இடம். இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. அரசாங்கத்தின் பழைய தஸ்தாவேஜுகளை எல்லாம் அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அவற்றில் ஒரு புத்தகத்துக்குத் தனி மரியாதை. அதன் வயது 900-க்கும் மேல்!

அதன் பெயர் "டூம்ஸ்டே புத்தகம்". இங்கிலாந்தைப் போரில் வென்ற வில்லியம் மன்னர், தன் நாட்டில் என்னென்ன சொத்து இருக்கிறது என்று அறிய ஆசைப்பட்டார். அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை, எது யாருக்குச் சொந்தம் என்று கணக்கெடுத்தார்கள். 13 ஆயிரத்துக்கும் அதிகமான ஊர்களின் கணக்கு அதில் இருக்கிறது.

இது நடந்தது 1086-ம் ஆண்டில். பதப்படுத்திய ஆட்டுத் தோலில், இறகுப் பேனாவால் எழுதினார்கள். எழுத்து இன்றும் அழியவில்லை. லத்தீன் மொழி தெரிந்தவர் இன்றைக்கும் அதைப் படிக்கலாம். அதற்கு எந்த எந்திரமும் வேண்டாம். கண்ணும் வெளிச்சமும் போதும்.

குழந்தைகள் எழுதிய கணக்கு

அந்தப் புத்தகத்துக்கு 900-வது ஆண்டு, 1986-ல் வந்தது. அதைக் கொண்டாட பி.பி.சி. நிறுவனம் ஒரு புதுமை செய்தது. "மன்னர் எடுத்த கணக்கைப் போல, மக்களே இன்றைய கணக்கை எடுக்கட்டும்" என்று முடிவு செய்தது.

நாட்டை 4 கிலோ மீட்டருக்கு 3 கிலோ மீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் பகுதியைச் சுற்றிப் பார்த்தார்கள். கடைகளை எண்ணினார்கள். படம் பிடித்தார்கள். தாங்கள் என்ன சாப்பிடுகிறோம், எப்படிப் பொழுது போக்குகிறோம் என்றும் எழுதினார்கள். மொத்தம் பத்து லட்சத்துக்கும் அதிகமான பேர் இதில் பங்கு கொண்டார்கள்.

அத்தனையையும் இரண்டு வெள்ளி நிறத் தட்டுகளில் பதித்தார்கள். கிராமபோன் தட்டு அளவுதான். ஆனால் அதன் வயிற்றுக்குள் ஒரு நாட்டின் கதையே அடங்கிவிட்டது.

"ஆட்டுத் தோல் எங்கே, விஞ்ஞானம் எங்கே!" என்று எல்லோரும் வியந்தார்கள்.

தட்டு இருக்கிறது, எந்திரம் எங்கே?

அந்தத் தட்டைப் பார்க்கத் தனி எந்திரம் வேண்டும். அதோடு இணைக்க ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டர் வேண்டும். விலை சுமார் 5 ஆயிரம் பவுண்டு. எழுதிக் கொடுத்த பிள்ளைகளின் பள்ளிகளில் பல, அதை வாங்க முடியாமல் நின்றன.

நாளடைவில் அந்த எந்திரம் வழக்கொழிந்தது. ரிப்பேர் செய்யவும் ஆள் குறைந்தது. 2002-ம் ஆண்டு வந்தபோது, இனி இந்தத் தட்டைப் படிக்க முடியாமலே போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

தட்டுக்கு வயது 16. அதற்குள் ஊமையாகும் நிலை! 900 ஆண்டுப் புத்தகமோ ஜம்மென்று பேசிக்கொண்டிருந்தது.

வேடம் போட்ட கம்ப்யூட்டர்

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து உதவிக்கு வந்தன. அவர்கள் செய்த தந்திரம் வேடிக்கையானது. புதிய கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் போல நடிக்க வைத்தார்கள். நாடகத்தில் வாலிபன் கிழவன் வேஷம் போடுவதில்லையா? அது போலத்தான். தட்டில் இருந்த செய்திகள் அதை நிஜமான பழைய கம்ப்யூட்டர் என்றே நம்பித் திறந்துகொண்டன!

2004-ல் தனி ஒருவர், தட்டின் செய்திகளை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். 2008-ல் அவர் இறந்துபோனார். அவரோடு அந்த இணையதளமும் போய்விட்டது.

பிறகு 2011-ல் பி.பி.சி.யே அதை மறுபடி இணையத்தில் வெளியிட்டது. 2018-ல் அதுவும் மூடப்பட்டது. ஆனால் இந்த முறை செய்திகள் அழியவில்லை. அதன் நகல், பழைய புத்தகம் இருக்கும் அதே தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இதில் ஒரு பாடம் உண்டு. தட்டைக் கைவிட்டது அதன் எந்திரம். அதை மீட்டது மனிதனின் அறிவு. அந்த அறிவு ஒரே ஒருவர் தலையில் இருந்தால், அவரோடு போய்விடும். பலரும் கற்றிருந்தால்தான் நிலைக்கும்.

படம் எடுப்பது வேறு, காப்பது வேறு

முன்பெல்லாம் ஆவணக் காப்பாளர் என்றால், கரையானை விரட்டத் தெரிய வேண்டும். ஈரம் படாமல் காக்க வேண்டும். பழைய கையெழுத்தைப் படிக்க வேண்டும். இப்போது அது மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் பிறந்த தஸ்தாவேஜுகளும் அவரிடம்தான் வருகின்றன.

அதனால் அவர் இரண்டு புதிய வித்தைகளைக் கற்க வேண்டியிருக்கிறது.

முதல் வித்தை, பழைய தாளை டிஜிட்டல் படமாக்குவது. புத்தகத்தை முதுகு ஒடியும்படி விரிக்கக் கூடாது. தொட்டில் போன்ற தாங்கியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். எடுத்த படத்துக்கு, அது எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எழுதியது என்ற விவரமும் எழுத வேண்டும். விவரம் இல்லாத படம், விலாசம் இல்லாத கடிதம் போன்றது.

இரண்டாவது வித்தை, அந்தப் படத்தைக் காப்பது. இதுதான் கடினம். ஒவ்வொரு கோப்புக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். கணக்குப்பிள்ளை கூட்டுத்தொகையைச் சரி பார்ப்பது போல, காப்பாளர் அந்த எண்ணை அவ்வப்போது சரி பார்க்க வேண்டும். நகல்களை வெவ்வேறு ஊர்களில் வைக்க வேண்டும். ஓர் இடத்தில் தீப்பிடித்தாலும் இன்னோர் இடத்தில் பிழைக்கும்.

கோப்பு எந்த வகை என்றும் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க "ட்ராய்ட்" என்ற மென்பொருளைக் கியூ காப்பகமே உருவாக்கி, இலவசமாகக் கொடுக்கிறது.

எங்கே படிப்பது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஆன் கென்னி, நான்சி மக்கவர்ன் என்ற இரு பெண்மணிகள் 2003-ல் இதற்கென ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன உவமை பிரபலமானது: டிஜிட்டல் காப்பு என்பது ஒரு முக்காலி. ஒரு கால், நிறுவனத்தின் உறுதி. ஒரு கால், தொழில்நுட்பம். மற்றொரு கால், பணமும் ஆள்பலமும். ஒன்று குட்டையானாலும் முக்காலி சாயும்!

அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம், 2011-ல் டிஜிட்டல் ஆவணப் பயிற்சிக்குத் தனிச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பல பாடங்களில் தேறி, பொதுத் தேர்வும் எழுத வேண்டியிருந்தது. சான்றிதழ் வாங்கியதோடு படிப்பு முடியாது. சில ஆண்டுகள் கழித்துப் புதிய பாடம் படித்து அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். டிரைவர் லைசென்ஸ் போல!

பிரிட்டனில் 2002-ல் டிஜிட்டல் காப்புக்கென்று ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. கியூ காப்பகத்தின் பண உதவியோடு அது 2020-ல் ஓர் இணையப் படிப்பைத் தொடங்கியது. "கற்றுக்குட்டி முதல் கைதேர்ந்தவர் வரை" என்பது போன்ற பொருள் தரும் பெயர் அதற்கு. ஒரே ஒரு ஊழியர் உள்ள சின்னக் காப்பகத்திலும், வேலையை விட்டுப் போகாமல், மேஜையில் இருந்தபடியே படிக்க முடிந்தது.

கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை ஆவணக் காப்பகங்களுக்குள் அழைத்துவந்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்கும் திட்டமும் அந்நாட்டில் நடந்தது. பழைய கை கையெழுத்தைச் சொல்லிக் கொடுத்தது. இளைய கை கம்ப்யூட்டரைச் சொல்லிக் கொடுத்தது.

நம் வீட்டிலும் ஒரு காப்பகம்

இது பெரிய காப்பகங்களின் கவலை மட்டும் அல்ல. நம் வீட்டிலும் இதே கதைதான். கல்யாண வீடியோ நாடா அலமாரியில் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க எந்திரம் இல்லை. பாட்டியின் குரல் பழைய செல்போனில் இருக்கிறது. அந்தப் போன் உயிரோடு இல்லை.

காப்பாளர்கள் படிக்கும் பாடத்தில் மூன்றை நாமும் படிக்கலாம். முக்கியமான படத்துக்கு இரண்டு நகல் வேறு வேறு இடத்தில் இருக்கட்டும். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெயர் எழுதி வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திறந்து பார்த்து, புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள்.

நான்காவது பாடமும் உண்டு. இந்த வேலையை வீட்டில் ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.