உங்களுக்குத் தெரியுமா? களவுக்கு அஞ்சிய சபை

பிறர் பொருளைக் கவர்ந்தவர் எவரும் பொதுப்பொறுப்புக்கு வரக் கூடாதென உத்திரமேரூர்ச் சபை சட்டம் வகுத்திருந்ததை, அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) இன்றும் காட்டுகிறது.

• வாரியம் எனப்படும் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும், உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடத்தில் இடும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர்.

• 919இல் 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்த உறுப்பினர் வயது வரம்பு, 921இல் 35-க்கு மேல் 70-க்குள் என மாற்றப்பட்டு, முதிர்ந்தோருக்கும் இடமளித்தது.

• பெயர் பொறித்த ஓலையைக் குடத்திலிருந்து எடுத்தவன் வேறுபாடறியாச் சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர், அதாவது ஊர்க்கணக்கர், வேறோர் ஓலையை மறைத்துவைக்க வழியின்றி, ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டியிருந்தது.