தங்க ரேட் தானா மாறலாம், தப்பா மாறக் கூடாது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்தப்பட்டுள்ளன.)

போன எபிசோடுல சின்னக் கடைகள் வெப்சைட்டில் பொருள் பட்டியல் போடுவது எப்படின்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "விலை தினமும் மாறுற பொருளா இருந்தா என்ன பண்றது?" இன்னைக்கு அதைப் பார்ப்போம். உதாரணத்துக்கு நகைக்கடையை எடுத்துக்கிறேன். ஏன்னா அங்கதான் நான் நல்லா அடி வாங்கியிருக்கேன்.

தங்க ரேட் சில நாள் காலையில ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறைன்னு மாறும். கடையில 400 நகை இருந்தா, 400 விலையையும் கையால மாத்த முடியாது. அதனால வெளியில இருந்து ரேட்டை எடுத்து, பட்டியலைத் தானா மாத்துற ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவோம்.

இதுல முதல் பாடம்: விலையைச் சேமிக்காதீங்க, விலை எதனால ஆனதோ அதைச் சேமிங்க. ஒரு செயினுக்கு டேட்டாபேஸில் இருக்க வேண்டியது எடை, கேரட், சேதாரம், செய்கூலி. ரேட் தனியா ஒரே ஒரு இடத்துல இருக்கணும். கணக்குக்கு வசதியா 22 கேரட் கிராம் 7,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 10 கிராம் செயின், சேதாரம் 10 சதவீதம். தங்கம் 70,000, சேதாரம் 7,000, ஆக 77,000. அதுக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 2,310. மொத்தம் 79,310. ரேட் மாறினா அந்த ஒரு எண்ணை மாத்தினால் போதும், 400 விலையும் தானா வந்துடும். ரூபாய்க்கு முழுசாக்குறதைக் கடைசி வரியில மட்டும் செய்யுங்க. நடுவுல செஞ்சா பில்லுக்கும் வெப்சைட்டுக்கும் சில ரூபாய் இடிக்கும்.

இதுவரைக்கும் சுலபம். நானும் இதோட வேலை முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன்.

நான் செஞ்சு கொடுத்த ஒரு கடையில, ரேட் போடுற ஒரு பக்கத்தைப் படிச்சு, அதுல வர்ற முதல் எண்ணை 22 கேரட் ரேட்டா எடுக்கிற மாதிரி எழுதியிருந்தேன். மாசக்கணக்கா நல்லா ஓடுச்சு. ஒருநாள் ராத்திரி அந்தப் பக்கத்தில் 18 கேரட் ரேட்டைப் புதுசா மேலே சேர்த்துட்டாங்க. என் ஸ்கிரிப்ட் எப்பவும்போல முதல் எண்ணை எடுத்துச்சு. எந்த எர்ரரும் வரலை. 22 கேரட்டில் தங்கம் ஆயிரத்துக்கு 916 பங்கு, 18 கேரட்டில் 750 பங்கு. அதாவது கடையில இருந்த எல்லா நகையோட விலையும் சுமார் 18 சதவீதம் இறங்கிடுச்சு. இப்போ சொன்ன செயின் கணக்குலயே பார்த்தா 14,000 ரூபாய்க்கு மேல வித்தியாசம்.

காலையில கடை முதலாளி போன். "தம்பி, ஒரு அம்மா மக கல்யாணத்துக்குச் செயின் எடுக்க முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்காங்க. போன்ல நம்ம விலையைக் காட்டுறாங்க. நான் என்ன சொல்ல?"

அவர் கடைசியில வித்தியாசத்தில் பாதியைத் தானே ஏத்துக்கிட்டார். அந்த அம்மா வாங்கிட்டுத்தான் போனாங்க, ஆனா மனசு குளிர்ந்து போகலை. நான் மன்னிப்புக் கேட்டப்போ அவர் கோபப்படலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "சந்தேகமா இருந்தா வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்ல முடியாதா தம்பி, உங்க மெஷினை?"

அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு வரிதான் இந்த எபிசோடே. ஸ்கிரிப்ட் நின்னு போனா யாராவது கவனிச்சுடுவாங்க. நிக்காம தப்பான எண்ணைப் போட்டுக்கிட்டே இருந்தா யாருக்கும் தெரியாது. அதனால சந்தேகம் வந்தா விலையைக் காட்டாம இருக்கிறதுக்கும் சேர்த்து எழுதணும். அதுக்கு நான் இப்போ செய்யறது இதெல்லாம்.

ஒண்ணு, இடத்தை வெச்சு எண்ணை எடுக்காதீங்க, பெயரை வெச்சு எடுங்க. "22 கேரட், ஒரு கிராம்" என்ற பெயர் கிடைக்கலைன்னா ஸ்கிரிப்ட் எதையும் தொடக் கூடாது. முடிஞ்சா அடுத்தவங்க பக்கத்தைச் சுரண்டுறதை விட்டுட்டு, அனுமதியோட கிடைக்கிற ஏபிஐ ஒண்ணுக்குப் போயிடுங்க. அப்பவும் கிராமா, 8 கிராம் பவுனா, 31.1035 கிராம் அவுன்ஸா என்பதைப் பார்த்துக்கோங்க.

ரெண்டு, பழைய ரேட்டோட ஒப்பிடுங்க. 5 சதவீதத்துக்கு மேல ஏறினாலோ இறங்கினாலோ புது ரேட்டை வெளியிடாம நிறுத்தி வெச்சு, கடைக்காரர் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பணும். அவர் "சரி"ன்னா மட்டும் மாறும். அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சில நாள் நிஜமாவே ரேட் சட்டுனு இறங்கும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள், அன்றைக்கே விலை இறங்கியது. அது வரி குறைஞ்சதாலயா, ஸ்கிரிப்ட் தப்பாப் படிச்சதாலயான்னு மனுஷன்தான் சொல்ல முடியும்.

மூணு, ரெண்டு நேரத்தைத் தனித்தனியா குறிச்சு வைங்க: ரேட் கடைசியா எப்போ மாறியது, நாம கடைசியா எப்போ கேட்டுப் பதில் வாங்கினோம். ஞாயித்துக்கிழமை ரேட் மாறாம இருக்கிறது சகஜம், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா கடை நேரத்தில் மூணு மணி நேரமா பதிலே வரலைன்னா ஏதோ கோளாறு. அப்போ விலை இருக்கிற இடத்தில் "இன்றைய விலைக்குக் கடையை அழைக்கவும்"னு மட்டும் காட்டட்டும்.

நாலு, கேஷை மறக்காதீங்க. டேட்டாபேஸில் ரேட் மாறியிருக்கும், பக்கம் பழைய நகலையே காட்டிக்கிட்டு இருக்கும். ரேட் மாறுற அதே நொடியில அந்த நகலும் அழியணும். வாட்ஸ்அப்பில் அனுப்புற பிடிஎஃப் பட்டியல் தானா மாறவே மாறாது. அதனால ஒவ்வொரு விலைப் பட்டியலோட தலையிலும் "இத்தனை மணி ரேட்"னு தேதியோட இருக்கட்டும்.

அஞ்சு, வாடிக்கையாளர் பணம் கட்ட ஆரம்பிச்சதும் அவருக்கான ரேட்டை 15 நிமிஷத்துக்குப் பூட்டி வைங்க. எந்த ரேட்டில் வித்தோம்னு பில்லோட சேர்த்துச் சேமிங்க. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல.

இதெல்லாம் எழுத எனக்கு ரெண்டு நாள்தான் ஆச்சு. ஆனா அண்ணாச்சி வெப்சைட்டில் மறுபடி விலை போடச் சம்மதிக்க ஒரு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் வாசல் போர்டுல சாக்பீஸாலதான் எழுதிக்கிட்டு இருந்தார். அதுக்கப்புறம் ரெண்டு தடவை ஸ்கிரிப்ட் தானா நின்னு அவருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கு. ரெண்டாவது தடவை அவரே என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னைக்கு உங்க மெஷின் வாயை மூடிக்கிச்சு"ன்னு சிரிச்சார்.

உங்க கடையில விலை எப்படி மாறுது, எங்க இடிக்குதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.