‘அருகில்’ என்றால் எத்தனை அடி?

சிட்னியின் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையோரம் தமிழர்கள் ஏதோவொரு கோரிக்கைக்காகப் பதாகை பிடித்து நின்றால், கோயிலோடு அவர்களுக்கு எந்தப் பிணக்கும் இல்லாவிட்டாலும், கலைந்துபோகச் சொல்லும் அதிகாரத்தை நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் 2025 பெப்ரவரியில் பொலிஸாருக்குக் கொடுத்தது. வழிபாட்டிடத்தின் ‘உள்ளே அல்லது அருகில்’ என்பதே அதற்கான நிபந்தனை. அருகில் என்றால் எவ்வளவு? செருப்புக் கழற்றும் இடமா, மணியோசை கேட்கும் தூரமா, தெருமுனையா? சட்டத்தில் அளவு இருக்கவில்லை. சிட்னி நகர மண்டபத்தை ஒட்டியே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் நிற்கிறது; ஹைட் பார்க்கின் ஒருபுறம் செயின்ட் மேரீஸ், மறுபுறம் யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம். ஊர்வலங்கள் காலங்காலமாகக் கூடுகிற இடங்களும் இவைதாம். வரைபடத்தை ஒருமுறை விரித்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

யூதர்களுக்கு எதிரான தாக்குதல்களாலும், டூரலில் வெடிபொருளோடு அகப்பட்ட கேரவனாலும் ஊரே கலங்கியிருந்த வேளை அது. வேகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். வழிபட வருவோரை மறிப்பதையும் மிரட்டுவதையும் இரண்டாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கிய பிரிவு அதே சட்டத்தில் இருந்தது. அச்சத்துக்கு மருந்து அதுதான். ‘அருகில்’ அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கேரவன் குற்றக்கும்பல் புனைந்த நாடகம் என்று மத்திய பொலிஸார் மார்ச் 10ஆம் தேதி அறிவித்தபோது வாக்கெடுப்பு முடிந்து வாரங்கள் ஆகியிருந்தன.

நீதிமன்றம்தான் திருத்திவிட்டதே என்பது அடுத்த சமாதானம். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி அன்னா மிட்செல்மோர், அந்த அதிகாரம் அரசியல் கருத்துச் சுதந்திரத்துக்கு முரண் என்று செல்லாததாக்கினார், உண்மை. ஆனால் நீதிமன்றம் தானாக வருவதில்லை. யாராவது காசும் காலமும் செலவழித்து வழக்காட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு பிற்பகல் வாசிக்காமல் விட்டதைக் குடிமகன் எட்டு மாதம் சுமந்தான். மசோதாக்களை வாசித்துப் பார்க்கவென்றே நாடாளுமன்றத்தில் ஒரு சட்ட ஆய்வுக் குழு இருக்கிறது. ஆனால் அதன் அறிக்கைக்குக் காத்திராமலே மசோதாவை நிறைவேற்றலாம் என்று அக்குழுவுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிடுகிறது. காவலாளியை வைத்துவிட்டு வாசலைத் திறந்துபோட்ட கதை. அவசரம் என்றால், அவசரமாக நிறைவேற்றும் சட்டத்துக்கு ஆறு மாத ஆயுள் போதும். நீட்டிக்க வேண்டுமானால் குழுவின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் வாக்களிக்கட்டும்.

அடுத்த திருவிழாவில் உங்கள் உறுப்பினர் மாலை ஏற்கும்போது கேளுங்கள்: கை தூக்குமுன் ‘அருகில்’ என்ற அந்தச் சொல்லை வாசித்தீர்களா?