கோல லங்காட் காடு: கோடு போடுமுன் கேட்க வேண்டியவை

வறட்சி வந்தால் கிள்ளான்வாசிகள் முதலில் விசாரிப்பது ஜொஹான் செத்தியாவைத்தான். அங்குள்ள நிலையத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு எகிறும். பள்ளிகளை மூடுவார்களா என்ற பேச்சு கிளம்பும். அங்கே எரிவது மண். நீரில் ஊறி, உயிர்வளி இல்லாமல் முழுதாக மட்காமலே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த இலையும் வேரும்தான் அந்தக் கரிச்சதுப்பு மண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காய்ந்து அமிழும். தீப்பிடித்தால் அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் பீய்ச்சுவது போதாது.

அதே வகை மண்ணில் நிற்பது கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு. 1927-இல் அரசிதழில் ஏறியபோது 7,000 ஹெக்டேருக்கு மேல், எஞ்சியது 957. அதிலும் சுமார் 931 ஹெக்டேரை மேம்பாட்டுக்கு விடுவிக்கப் போவதாக 2020 பிப்ரவரியில் சிலாங்கூர் வனத்துறை அறிவித்தது. காடு தீயில் சேதமாகிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

சேதமான அந்தக் காட்டின் ஓடைகள் தே-ஓ நிறத்தில் இருக்கும். புளிப்பேறிய நீர், பெரும்பாலான மீன்களுக்கு ஆகாது. விரல் நீளம்கூட இல்லாத சிவப்புச் சண்டைமீனுக்கோ அதுதான் வீடு. ஆண் மீன் நுரையால் கூடு கட்டி முட்டைகளைக் காவல் காக்கும். (தோட்டத்து வாய்க்காலில் சண்டைமீன் பிடித்துப் போத்தலில் வளர்த்தவர்கள் நம்மில் குறைவா என்ன?) சூரியக் கரடியும் அங்கே உண்டு. காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஊரறியச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தெமுவான் கிராமத்தாரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும்தான். விடுவிக்கும் திட்டத்தின் முதல் கோப்பிலேயே இருந்திருக்க வேண்டிய தகவல், ஆட்சேபக் கடிதமாக வந்து சேர்ந்தது!

எதிர்ப்பு குவிந்தது, மாநிலச் சட்டமன்றமும் காட்டைக் காக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனாலும் 2021 மே மாதம் ஆட்சிக்குழு சத்தமில்லாமல் 536.7 ஹெக்டேரை விடுவித்தது. ஆகஸ்ட் இறுதியில் விஷயம் வெளியே வர, கூச்சல் கிளம்பியது. செப்டம்பர் 8 அன்று மந்திரி புசார் அமிருடின் ஷாரி முடிவை ரத்துச் செய்தார்.

மாநிலங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசியலமைப்புப்படி நிலமும் காடும் மாநிலங்களின் கையில். நிலத்தை விட்டால் வருமானத்துக்கு அவற்றுக்கு அதிக வழியும் இல்லை. அதனால்தான் 2019 முதல் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் தருகிறது. 6 கோடி ரிங்கிட்டில் தொடங்கியது, 2025 பட்ஜெட்டில் 25 கோடி. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு வீடமைப்புத் திட்டத்தின் லாபத்தோடு போட்டியிட இது போதாது. காப்புக்காட்டை விடுவிக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்று தேசிய வனச் சட்டத்தை 2022-இல் நாடாளுமன்றம் திருத்தியது இன்னும் உருப்படியான காரியம்.

சாதாரண மக்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டார வளர்ச்சித் திட்டத்தின் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்தே தீர வேண்டும். ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். உங்கள் நகராண்மைக் கழகம் அடுத்த வரைவை வைக்கும்போது போய்ப் பாருங்கள். வரைபடத்தில் பச்சை நிறம் எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்து, எழுதிக் கொடுங்கள்.