பன்னிரண்டு இலக்கங்களுக்குள் ஒரு பிறந்தநாள்

எல்லவிலிருந்து வரும் பதுளை ரயில் தெமோதரை ஸ்டேசனைத் தாண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்த ரயிலில் போகிறவர்களின் சட்டைப்பையிலும் தன்னைத்தானே சுற்றிப் பார்க்கும் ஒன்று உண்டு. அதுதான் தேசிய அடையாள அட்டையின் எண்.

2016 முதல் இந்த எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் நான்கு, பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பிறகு நான்கு இலக்க வரிசை எண். கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம்.

நாள் கணக்கில் ஒரு வேடிக்கை. எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள்தான். 1990 மார்ச் 1இல் பிறந்த பெண், உண்மையில் ஆண்டின் 60ஆவது நாளில் பிறந்தவள். அட்டையிலோ 61ஆவது நாள். 500ஐக் கூட்டினால் 561. ஆகவே 1990060 என்று தொடங்கும் எண் எவருக்கும் இருக்க முடியாது. 367 முதல் 500 வரையிலும், 866க்கு மேலும் நாளே கிடையாது.

1990 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்க எண்கள் மொத்தம் பத்துக் கோடி. அவற்றில் செல்லக்கூடிய நாள் குறிகள் 730, வரிசை எண்கள் 10,000. இவை இரண்டும் தெரிந்தால் கடைசி இலக்கம் தானாக முடிவாகிவிடும். ஆக, செல்லுபடியாகக்கூடியவை அதிகம் போனால் 73 இலட்சம். கண்ணை மூடிக்கொண்டு நூறு எண் எழுதினால் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் பொய்யாகிவிடும்.

சரிபார்ப்பு இலக்கம் எப்படிப் பிழை பிடிக்கிறது? இதற்குப் பல முறைகள் உண்டு. பழைய பத்து இலக்கப் புத்தக எண்ணில் உள்ளது எளியது: ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இடத்துக்குரிய எண்ணால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பது. 47ஐ 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 26, மீதி 4. கை தவறி 74 என்று எழுதினால் 29, மீதி 7. இடம் மாறியது உடனே தெரிந்துவிடும். 11 பகா எண். இரண்டு இலக்கங்களுக்கு இடையிலான வித்தியாசமோ 9ஐத் தாண்டாது. அதனால் ஓர் இலக்கப் பிழை எதுவும் தப்பாது.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களோடு ஓர் எழுத்தும் இருந்தது. வாக்குரிமை உள்ளவருக்கு ‘வி’. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையக மக்களின் பிள்ளைகளுக்கு அந்த ஓர் எழுத்தின் கனம் தெரியும்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். விண்ணப்பத்தில் ஓர் இலக்கம் பிசகினால் மறுபடி பதுளைக்குப் போய்வர வேண்டும். அன்றைக்குப் பேர் கிடையாது. கடைசி இலக்கம் அந்தப் பிழையை மேசையிலேயே பிடித்துவிட்டால், ஒருத்தியின் பேர் தப்பும்.